கையெழுத்துப் போட்டுவிட்டு நூலகத்துக்குப் போய்விடாதீர்கள்

ஹவுஸ் சர்ஜன்களாகச் சேரவிருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

இறுதியாண்டுத் தேர்வு முடிவு வந்துவிட்டது. மருத்துவ கவுன்சிலில் தற்காலிகப் பதிவுக்கு விண்ணப்பித்துவிட்டு, முதல் போஸ்டிங் எந்தத் துறையில் என்று பட்டியலை எதிர்பார்த்துக் காத்திருக்கிறீர்கள். வாழ்த்துகள். ஊரில் உங்கள் அம்மாவும் அப்பாவும் தெருவில் போகிறவர்களிடமெல்லாம் சொல்லியிருப்பார்கள். சொல்லட்டும், அவர்களுக்கு அந்த உரிமை உண்டு.

இந்த நாட்களில் விடுதியில் உங்களுக்கு ஓர் ஆலோசனை வந்து சேர்ந்திருக்கும். எனக்கும் வந்தது. "காலையில போய் சைன் போடு. சாம்பிள் எடுத்துக் குடுத்துட்டு, பி.ஜி. கண்ணுல படாம லைப்ரரிக்கு வந்துரு. மெடிசின், சர்ஜரி, ஓ.ஜி. மூணுலயும்தான் தப்பிக்க முடியாது. மத்ததெல்லாம் லைட் போஸ்டிங். சோசியல் மெடிசின் மூணு மாசமும் படிக்கிறதுக்குன்னே குடுத்தது." இதைச் சொல்லும் அண்ணன்களும் அக்காக்களும் நல்லவர்கள். உங்கள் மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனாலும் அந்த ஆலோசனை தவறு. போன வருடம் முழுக்க வார்டில் இருந்துவிட்டு வந்தவள் என்ற முறையில் அதை உங்களிடம் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

உங்கள் பயம் எனக்குத் தெரியும். நீட் பி.ஜி. தேர்வில் 200 கேள்விகள், மூன்றரை மணி நேரம். சரியான விடைக்கு நான்கு மதிப்பெண், தவறான விடைக்கு ஒன்று கழியும். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதுகிறார்கள். தேதியும் நம் கையில் இல்லை. 2024-ல் ஜூன் 23 அன்று நடக்கவிருந்த தேர்வை முந்தின நாள் இரவு ஒத்திவைத்து, ஆகஸ்ட் 11-ல் நடத்தினார்கள். 2025-ல் தேர்வு ஆகஸ்ட் 3. அதை எழுதுபவர்கள் ஹவுஸ் சர்ஜன்சியை முடித்திருக்க வேண்டிய கடைசி நாள் ஜூலை 31. நடுவில் மூன்றே நாள். ஒரு வருடம் வார்டில் முழு நேரம் வேலை பார்க்கவும் வேண்டும், அதே வருடத்தில் வாழ்க்கையிலேயே கடினமான தேர்வுக்குத் தயாராகவும் வேண்டும் என்றால் பிள்ளைகள் எதை விடுவார்கள்? வார்டைத்தான் விடுவார்கள். இப்படி ஒரு அட்டவணையைப் போட்டுவிட்டு, "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வேலையில் ஈடுபாடு இல்லை" என்று மாணவர்களைக் குறை சொல்வது நியாயமில்லை. பயிற்சி முடிந்து இரண்டு மூன்று மாதங்களாவது இடைவெளி விட்டுத் தேர்வு வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அது நடக்கும்போது நடக்கட்டும். உங்களுக்கு இருப்பது இந்த ஒரு வருடம்.

படிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானும் படித்தேன். ஆனால் அந்த 200 கேள்விகளிலும் இல்லாத ஒன்று வார்டில் இருக்கிறது. கேள்வித்தாளில் வரும் நோயாளிக்கு நேரம் நகர்வதில்லை. "35 வயது விவசாயி, காலில் கடி, கண் இமை சரிகிறது, அடுத்து என்ன செய்வீர்கள்?" என்று கேட்டு நான்கு விடை கொடுத்தால் அந்த விவசாயியின் கதை அங்கேயே முடிந்துவிடும். வார்டில் நோய் நகர்ந்துகொண்டே இருக்கிறது. இருபது நிமிடத்தில் ஒரு முகம், ஆறு மணி நேரத்தில் வேறு முகம், மூன்றாம் நாள் யாரும் எதிர்பாராத முகம். பக்கத்தில் இருப்பவருக்குத்தான் அது தெரியும். மருத்துவத்தில் பாதிக்கு மேல் அதுதான் என்று இப்போது நம்புகிறேன். சில நோயாளிகளைப் பற்றிச் சொல்கிறேன். யாரும் கண்டுகொள்ளக் கூடாது என்பதற்காக அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.

கேசுவால்டி போஸ்டிங்கில், மழைக்காலத்து இரவு ஒன்றில், வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போன ஒருவரை 108-ல் கொண்டுவந்தார்கள். கணுக்காலில் கடி. பாம்பை அவர் சரியாகப் பார்க்கவில்லை. கடித்த இடம் வீங்கத் தொடங்கியிருந்தது. இரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் 20 நிமிடப் பரிசோதனையை நீங்கள் எல்லோரும் படித்திருப்பீர்கள். இரண்டு மில்லி இரத்தம், சுத்தமான உலர்ந்த கண்ணாடிக் குழாய், 20 நிமிடம் அசைக்காமல் வைத்து ஒரே முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். புத்தகத்தில் இரண்டு வரி.

அன்று இரவு நான் கற்றது அந்த இரண்டு வரிக்குள் இருக்கும் மற்ற வரிகளை. கைக்குக் கிடைத்ததெல்லாம் பிளாஸ்டிக் குழாய். பிளாஸ்டிக்கில் விட்டால் நல்ல இரத்தம்கூட உறையத் தாமதமாகும், ஏனென்றால் உறைதலைத் தூண்டிவிடுவது கண்ணாடியின் பரப்புதான். சோப்பு போட்டுக் கழுவிய குழாயும் ஆகாது. இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் நைட் டியூட்டி ஸ்டாஃப் நர்ஸ் அக்கா. மருந்து அலமாரியின் மேல் தட்டில், பஞ்சு டப்பாவுக்குப் பின்னால், புதுக் கண்ணாடிக் குழாய்களைத் தனியாக ஒரு கிட்னி டிரேயில் எடுத்து வைத்திருந்தார். "யாரும் எடுத்துடக் கூடாதுன்னு ஒளிச்சு வச்சிருக்கேன் டாக்டர்" என்றார். இரத்தத்தை விட்டு, குழாயை ஜன்னல் மேடையில் சுவரோடு சாய்த்து நிறுத்தி, நேரத்தை பிளாஸ்திரியில் எழுதி ஒட்டினோம். அந்த 20 நிமிடமும் யாரும் அதைத் தொடாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. அவருடைய மனைவி வாசலில் நின்று என்னையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். நேரம் முடிந்து சாய்த்தபோது இரத்தம் தண்ணீர் போலக் கண்ணாடியில் வழிந்து இறங்கியது.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. அட்ரினலினை முதலில் சிரிஞ்சில் ஏற்றித் தலைமாட்டில் வைக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் விஷமுறிவு மருந்தின் முதல் குப்பியை உடைக்க வேண்டும். முதல் ஒரு மணி நேரத்தில் பத்துக் குப்பி. சொட்டு இறங்கத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் அவர் தோளைச் சொறிந்தார். சட்டையை விலக்கிப் பார்த்தால் தடிப்புத் தடிப்பாக எழும்பியிருந்தது. சொட்டை நிறுத்தி, அட்ரினலினைத் தொடையில் போட்டு, அடங்கியதும் திரும்ப ஆரம்பித்தோம். ஆறு மணி நேரம் கழித்து மறுபடியும் அதே பரிசோதனை. ஏன் ஆறு மணி நேரம் என்று யாராவது கேட்டால் உடனே பதில் சொல்வீர்கள்: பாம்பின் விஷம் தின்று தீர்த்த உறைதல் காரணிகளைக் கல்லீரல் புதிதாக உண்டாக்க அவ்வளவு நேரம் ஆகும். எனக்கும் அந்தப் பதில் தெரியும். ஆனால் விடியற்காலையில் இரண்டாவது குழாயைச் சாய்த்து, இரத்தம் கட்டியாக அடியிலேயே நின்றதைப் பார்த்தபோதுதான், ஒரு மனிதனின் கல்லீரல் இரவெல்லாம் வேலை பார்த்திருக்கிறது என்பது என் புத்தியில் உறைத்தது.

அந்த மருந்து எங்கிருந்து வருகிறது என்றும் பிறகு தேடிப் படித்தேன். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் விஷத்தையும் குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்தி, அதன் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்துத் தயாரிக்கிறார்கள். அந்த விஷத்தின் பெரும்பகுதியைப் பிடித்துக் கறந்து கொடுப்பது நம் வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். அந்த மக்களில் இருவர், வடிவேல் கோபாலும் மாசி சடையனும், 2023-ல் பத்மஸ்ரீ பெற்றார்கள். 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது. இனி நீங்கள் கேஸ் ஷீட்டில் எழுதும் ஒவ்வொரு பாம்புக்கடியும் கணக்கில் ஏறும். அதனால் தெளிவாக எழுதுங்கள்.

ஓ.ஜி. போஸ்டிங்கைப் பற்றி உங்களை நிறைய பயமுறுத்தியிருப்பார்கள். வேலை அதிகம்தான், திட்டும் விழும். ஆனால் ஒரு கையை வயிற்றின் மேல் வைத்து, மறு கையில் கடிகாரத்தைப் பிடித்து, பத்து நிமிடத்தில் எத்தனை வலி வருகிறது, ஒவ்வொன்றும் எத்தனை விநாடி நிற்கிறது என்று எண்ணும் வேலையைக் கேவலமாக நினைக்காதீர்கள். அந்தப் பத்து நிமிடமும் பிரசவ வார்டில் அந்தப் பெண்ணோடு முழுதாக இருக்கும் ஒரே ஆள் நீங்கள்தான்.

இரத்தக் கொதிப்பு ஏறி, வலிப்பு வந்து, நிறைமாதத்தில் வந்த ஒரு பெண்ணுக்கு மக்னீசியம் சல்பேட் ஆரம்பித்தோம். நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை ஐந்து கிராம் ஊசி. ஒவ்வொரு ஊசிக்கு முன்பும் மூன்றைப் பார்க்க வேண்டும்: முழங்கால் துள்ளுகிறதா, மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் குறையாமல் இருக்கிறதா, சிறுநீர் மணிக்கு 30 மில்லிக்குக் குறையாமல் இறங்குகிறதா. முதல் வருடத்தில் உடலியல் ஆய்வகத்தில் தோழியை மேசையில் உட்கார வைத்து, முழங்காலில் தட்டி, கால் துள்ளுவதைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். இங்கே அதே சுத்தியலும் அதே தசைநாரும் ஒரு உயிருக்குக் காவல். மக்னீசியம் உடம்பில் அளவுக்கு மீறிச் சேரும்போது முதலில் அந்தத் துள்ளல்தான் போகும், மூச்சு நிற்பது அதற்குப் பிறகு. துள்ளல் இருக்கும்வரை ஊசி போடலாம். இல்லை என்றால் நிறுத்திவிட்டு, தலைமாட்டில் எடுத்து வைத்திருக்கும் கால்சியம் குளுகோனேட்டைத் தேட வேண்டும். விலை உயர்ந்த எந்த மானிட்டரும் அந்த வேலையைச் செய்வதில்லை. நள்ளிரவில் எழுந்து போய்த் தட்டிப் பார்க்கும் ஒரு ஹவுஸ் சர்ஜன்தான் செய்கிறார். தட்டாமலேயே "நார்மல்" என்று எழுதிவிடவும் முடியும். அப்படி எழுதப்பட்ட கேஸ் ஷீட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பழக்கம் உங்களுக்கு வரவே கூடாது.

இனி எழுத வருவது சுலபமாக எழுத முடியாத ஒன்று. கல்லூரியில் படிக்கும் ஒரு பெண், வீட்டில் ஏதோ சண்டை, எலி மருந்தைத் தின்றுவிட்டாள். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பசை. வந்த அன்று வாந்தி, வயிற்று வலி. மறுநாள் எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டாள். தலை பின்னிக்கொண்டாள், என்னிடம் என் கல்லூரியைப் பற்றிக் கேட்டாள். அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லாத்தான இருக்கா பாப்பா, பேரு வெளிய தெரியறதுக்கு முன்னாடி வீட்டுக்கு அனுப்பிருங்க, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்றார். பக்கத்துப் படுக்கைக்காரர்களும் அதையே சொன்னார்கள். பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

அந்த விஷம் இப்படித்தான் ஏமாற்றும். முதல் நாள் வாந்தி, பிறகு ஒன்றிரண்டு நாள் ஒன்றுமே இல்லாதது போன்ற நிலை, அதற்குள் கல்லீரல் உள்ளுக்குள் செத்துக்கொண்டிருக்கும். முறிவு மருந்து கிடையாது. அந்த இடைவெளியில் "சொந்த விருப்பத்தின் பேரில் செல்கிறோம்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனவர்கள் மஞ்சள் கண்ணோடு, நினைவு தப்பித் திரும்பி வந்ததை எங்கள் வார்டு கண்டிருக்கிறது. எங்கள் பி.ஜி. அக்கா என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று: "நீ வேற எந்த வேலையும் பாக்க வேண்டாம். அந்த அம்மாகிட்ட உக்காரு."

உட்கார்ந்தேன். படுக்கைக்கு அடியில் பையும் பிளாஸ்க்கும் கிடந்த தரையில், அந்த அம்மாவின் பக்கத்தில். உள்ளே என்ன நடக்கிறது என்று சொன்னேன். மறுநாள் எடுக்கப் போகும் இரத்தத்தில் எதைப் பார்ப்போம் என்று சொன்னேன். போலீஸ், எம்.எல்.சி. பற்றிய பயத்தை வார்டில் எல்லோர் முன்னாலும் பேசாமல், டிரெஸ்ஸிங் அறைக்குக் கூட்டிப்போய் அவருக்கும் அவர் கணவருக்கும் விளக்கினேன். அவர்கள் இருந்தார்கள். மூன்றாம் நாள் ஐ.என்.ஆர். ஏறியது, கண் மஞ்சளானது. பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சைக்கு ஏற்பாடு செய்யும் நேரம் எங்களுக்குக் கிடைத்தது அவள் வார்டில் இருந்ததால்தான். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். மனநல மருத்துவரிடம் தொடர்ந்து வருகிறாள். அவளைப் போல வருகிற எல்லோரும் பிழைப்பதில்லை. எங்கள் கண் முன்னால் போனவர்கள் உண்டு. இந்தப் பசையைத் தமிழக அரசு தடை செய்தும், ஏதோ ஒரு கடையின் உள்ளறையிலிருந்து அது இன்னமும் வார்டுக்கு வந்து சேர்கிறது.

பெரிய அறுவையோ பெரிய மருந்தோ செய்யாததை, அந்த இரண்டு நாள் தரையில் உட்கார்ந்து பேசிய பேச்சு செய்தது. அதைச் செய்ய யூனிட்டில் வேறு யாருக்கும் நேரம் இல்லை. பேராசிரியருக்கு வகுப்பு, உதவிப் பேராசிரியருக்கு ஓ.பி., பி.ஜி.க்கு இரண்டு ஐ.எம்.சி.யு. நோயாளிகள். ஹவுஸ் சர்ஜனுக்கு மட்டும்தான் முடியும். அவர் நூலகத்தில் இருந்திருந்தால் அந்த அம்மா அன்று மாலையே மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறியிருப்பார்.

எடுபிடி வேலை பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முதல் வாரத்திலேயே உங்கள் மனம் நோகப்போவது அதில்தான். சாம்பிள் கொண்டுபோக வேண்டும், ரிப்போர்ட் வாங்கி வர வேண்டும், ஸ்கேனுக்கு தேதி கேட்டு நிற்க வேண்டும், டிஸ்சார்ஜ் சம்மரி எழுதி எழுதி விரல் மரத்துப்போகும். இதில் ஒரு பகுதி உண்மையிலேயே வீண். கணினியும் கூடுதல் பணியாளர்களும் செய்ய வேண்டிய வேலையை, ஐந்தரை ஆண்டுப் படிப்பின் கடைசி ஆண்டில் இருப்பவரிடம் கொடுப்பது படிப்பையும் கெடுக்கிறது, நோயாளியையும் கெடுக்கிறது. அதைச் சங்கமாகக் கூடிப் பேசுங்கள், கடிதம் எழுதுங்கள். ஆனால் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தள்ளிவிடாதீர்கள். இரத்த வங்கிக்குப் போவது எடுபிடி வேலை என்றார்கள். படுக்கையருகிலேயே குழாயில் பெயர் எழுதாமல் நர்ஸ் மேசைக்கு வந்து எழுதினால் எப்படி இரண்டு பேருடைய இரத்தம் மாறும் என்பதையும், ஏற்றத் தொடங்கிய முதல் 15 நிமிடம் ஏன் நோயாளியை விட்டு நகரக் கூடாது என்பதையும் இரத்த வங்கி டெக்னீஷியன் அண்ணன் என் சாம்பிளைத் திருப்பி அனுப்பிக் கற்றுக்கொடுத்தார்.

சோசியல் மெடிசின் போஸ்டிங் 12 வாரம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போவீர்கள். படிப்பதற்கென்று கொடுத்த விடுமுறை என்று நினைத்துவிடாதீர்கள், என் வருடத்தின் மிகச் சிறந்த நாட்கள் சில அங்கே கிடைத்தன. புதன்கிழமை தடுப்பூசிக்கு வரும் குழந்தைகளை எடை போடுங்கள். அதைவிட முக்கியம், கிராம சுகாதார செவிலியரோ மக்களைத் தேடி மருத்துவம் தன்னார்வலரோ கிளம்பும்போது கூடவே போங்கள். ஒரு பாட்டிக்குத் தலைசுற்றல், இரண்டு முறை ஓ.பி.க்கு வந்து போயிருக்கிறார். இரண்டு முறையும் சீட்டில் எந்தத் தவறும் இல்லை. வீட்டுக்குப் போனபோது, சாமி படத்துக்குக் கீழே ஒரு டப்பாவில் மாத்திரைகளை வைத்திருந்தார். நிறத்தை வைத்து அடையாளம் சொன்னார். அரசு மருத்துவமனைகளுக்கு 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம்தான் மருந்து வாங்கித் தருகிறது. டெண்டர் மாறினால் கம்பெனி மாறும், அட்டையும் மாறும். பாட்டியிடம் பழைய அட்டையில் ஒரு அம்லோடிபின், புது அட்டையில் ஒரு அம்லோடிபின். இரண்டும் வேறு வேறு மருந்து என்று நினைத்து இரண்டையும் தினமும் போட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் பழைய அட்டையை எடுத்து வந்தோம். தலைசுற்றல் நின்றது. அவர் இன்னும் ஒரு முறை ஓ.பி. வரிசையில் நின்றிருந்தால் காதுக்கும் கழுத்துக்கும் என்னென்ன பரிசோதனை எழுதியிருப்போமோ தெரியாது.

தங்கைகளுக்குத் தனியாக ஒன்று. பல நோயாளிகள் உங்களை சிஸ்டர் என்பார்கள், தாத்தாக்கள் பாப்பா என்பார்கள். அதில் மனம் வருந்த ஒன்றுமில்லை. ஆனால் டியூட்டி அறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை என்றால் அதைச் சும்மா விடாதீர்கள். கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் 2024 ஆகஸ்டில் ஒரு முதுநிலைப் பயிற்சி மருத்துவர், டியூட்டிக்கு நடுவே ஓய்வெடுக்கப் போன இடத்தில் கொல்லப்பட்டார். தாழ்ப்பாள், விளக்கு, தனிக் கழிப்பறை, இரவில் கூப்பிட்டால் வரும் காவலர் ஆகியவற்றைக் கேட்பது உங்கள் உரிமை. மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவோரைத் தண்டிக்கும் சட்டம் தமிழகத்தில் 2008 முதல் இருக்கிறது. தம்பிகளே, தாழ்ப்பாள் கேட்கும் கடிதத்தில் உங்கள் கையெழுத்தும் இருக்க வேண்டும்.

தூக்கத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். டியூட்டி முடிந்த காலையில் பைக் ஓட்டிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டாம், தூங்கி எழுந்து பஸ்ஸில் போங்கள். நண்பன் ஒருவன் சாப்பிடுவதைக் குறைத்து, பேசுவதைக் குறைத்து, எல்லாவற்றுக்கும் "பரவாயில்ல" என்று சொல்ல ஆரம்பித்தால் அவனைத் தனியாக விடாதீர்கள். நோயாளிகளுக்குச் செய்யும் அதே காரியம்தான்: பக்கத்தில் போய் உட்காருங்கள், அவனுக்குத் தேவையான மருத்துவரிடம் நீங்களே கூட்டிப் போங்கள்.

இதைப் படிக்கும் ஆசிரியர்கள் யாராவது இருந்தால் அவர்களிடமும் ஒரு வேண்டுகோள். சென்னையில் கே.வி. திருவேங்கடம் அவர்கள் நோயாளியின் படுக்கையருகே நின்று நடத்திய பாடங்களை மூத்த மருத்துவர்கள் இன்றும் பேசுகிறார்கள். எங்களுக்கும் அப்படிப்பட்ட நினைவுகள் வேண்டும். ரவுண்ட்ஸின்போது ஹவுஸ் சர்ஜனைக் கேஸ் ஷீட் தூக்குபவராக நிறுத்தாமல், ஒரு நோயாளியைப் பற்றி அவரைச் சொல்லச் சொல்லுங்கள். தன்னிடம் கேட்பார்கள் என்று தெரிந்தால் எந்தப் பிள்ளையும் நூலகத்துக்கு ஓடாது. பதிவேட்டில் மொத்தமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் வழக்கத்தையும் தயவுசெய்து நிறுத்துங்கள்.

தம்பி, தங்கைகளே, உங்களிடம் நான் கேட்பது பெரிய தியாகம் ஒன்றுமில்லை. ஒவ்வொரு போஸ்டிங்கிலும் ஒரே ஒரு நோயாளியை உங்களுடையவராக எடுத்துக்கொள்ளுங்கள். அட்மிஷனில் நீங்களே முதலில் பார்த்து, தினமும் காலையும் மாலையும் போய்ப் பேசி, ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் நீங்களே வாங்கிப் படித்து, டிஸ்சார்ஜ் ஆகும்போது அவர் எந்த மாத்திரையை எப்போது போட வேண்டும் என்று அவர் வாயாலேயே திருப்பிச் சொல்ல வைத்து அனுப்புங்கள். அவரை வீட்டுக்கு அனுப்ப முடியாமல் போனால், அவர் வீட்டாரிடம் பேராசிரியரோ பி.ஜி.யோ அதைச் சொல்லும்போது நீங்களும் கூட நில்லுங்கள். மீதி நேரத்தில் நூலகத்துக்குப் போங்கள், மனநிறைவோடு படியுங்கள், நல்ல ரேங்க் வாங்குங்கள். அந்த ஒரு நோயாளிக்காக மட்டும் வார்டில் இருங்கள்.

இப்படிக்கு,
உங்களுக்கு ஒரு வருடம் முன்னால் அதே வார்டுகளில் இருந்த
உங்கள் அக்கா